பொறுமை கோழைத்தனமா?

ஸப்ரு, அதாவது பொறுமை என்று சொன்ன மாத்திரத்தில் நம்மில் பலருக்கு மனக்கண் முன் தோன்றும் உருவம் எது? அடி வாங்கிக்கொண்டு, வாய் பேசாமல், மூலையில் ஒடுங்கிக் கிடப்பவனின் உருவம்தான். அநீதியைக் கண்டு கொதிக்கும் வாலிபர்களிடம் “ஸப்ரு செய்யுங்கள்” என்று பெரியவர்கள் கூறினால், “எத்தனை நாளைக்கு ஹள்ரத்?” என்ற கேள்வி உடனே பிறக்கிறது. இந்தக் கேள்வியை நாம் கடிந்து ஒதுக்கிவிடக் கூடாது. கேட்பவர் மார்க்கத்தை மறுத்துக் கேட்கவில்லை. பொறுமைக்கு நாம் சொல்லி வந்த பொருள் குறைபாடுடையது என்பதையே அக்கேள்வி காட்டுகிறது.

அடிமைத்தனமும் பொறுமையும் ஒன்றல்ல. ஆயுதம் ஏந்தாமல், கல் எறியாமல், அதே சமயம் தலை குனியாமலும் அநீதியை எதிர்த்து நிற்க முடியும். அப்படி நின்ற மனிதர்களின் வரலாறு வேறு எங்கோ இல்லை. முத்துக்கும் உப்புக்கும் பெயர் போன நம் தூத்துக்குடியிலேயே இருக்கிறது. அதைத்தான் இந்தப் பாடத்தில் பார்க்கப் போகிறோம்.

ஸப்ரு என்பதன் பொருள்

‘ஸப்ரு’ என்ற அரபிச் சொல்லின் மூலப்பொருள், ஒன்றைத் தடுத்துப் பிடித்து நிறுத்துதல் என்பதாகும். சும்மா இருத்தல் என்ற பொருள் அதற்கு இல்லை. நம் இமாம்கள் ஸப்ரை மூன்று வகையாகப் பிரித்துக் காட்டியுள்ளார்கள். ஒன்று, கடமையில் சலிப்பின்றி நிலைத்து நிற்பது. இரண்டு, தடுக்கப்பட்டதை விட்டுத் தன்னை அடக்கிக் கொள்வது. மூன்று, வந்த துன்பத்தைத் தாங்குவது. மூன்றாவது வகையை மட்டும் பிடித்துக்கொண்டு முதல் இரண்டையும் மறந்துவிட்டதால்தான் பொறுமை என்பது கையாலாகாத்தனம் போல் நமக்குத் தோன்றுகிறது.

நம் கடற்கரைக்காரர்களுக்கு இதை விளக்குவது எளிது. அக்காலத்தில் முத்துக்குளிக்கச் சென்றவர் இடுப்பில் கயிறும் காலில் கல்லுமாகக் கடலின் அடிக்கு இறங்குவார். அங்கே அவர் மூச்சை அடக்கிக்கொண்டிருக்கிறார் என்றால் சும்மா இருக்கிறார் என்று பொருளா? அந்தச் சில நொடிகளில் கை ஓயாமல் சிப்பி பொறுக்குகிறார். மூச்சை விட்டால் வேலை கெட்டது; உயிருக்கும் ஆபத்து. மூச்சை அடக்கிவிட்டுச் சிப்பியே பொறுக்காமல் மேலே வந்தாலோ இறங்கியது வீண். அடக்க வேண்டியதை அடக்கிக்கொண்டு, செய்ய வேண்டியதைச் செய்வதே ஸப்ரு.

மக்கத்துப் பதின்மூன்று ஆண்டுகள்

கண்மணி நாயகம் (ஸல்) அவர்களும் தோழர்களும் மக்கத்தில் வாழ்ந்த பதின்மூன்று ஆண்டுகளை எண்ணிப் பாருங்கள். ஸுமையா (ரலி) அவர்கள் கொல்லப்பட்டார்கள். பிலால் (ரலி) அவர்களின் மார்பில் கொதிக்கும் பாறை ஏற்றப்பட்டது. அபூதாலிப் கணவாயில் மூன்று ஆண்டுகள் ஊர் விலக்கு நடந்தது. இத்தனையிலும் கை ஓங்க அனுமதி வரவில்லை. ஆனால் அவர்கள் சும்மா இருந்தார்களா? சத்தியத்தைச் சந்தையில் சொன்னார்கள். கொடுமை தாங்க இயலாதவர்கள் ஹபஷா நாட்டுக்குச் சென்றார்கள். அங்கே நஜ்ஜாஷி மன்னரின் சபையில் ஜஃபர் (ரலி) அவர்கள் எழுந்து நின்று தங்கள் வழக்கை அஞ்சாமல் எடுத்துரைத்தார்கள்.

“எத்தனை நாளைக்கு?” என்ற கேள்வி அப்போதும் எழுந்தது. நெருப்பால் சுடப்பட்ட கப்பாப் (ரலி) அவர்கள், கஃபாவின் நிழலில் சாய்ந்திருந்த நாயகத்திடம் சென்று, எங்களுக்காக துஆ செய்யக் கூடாதா என்று முறையிட்டார்கள். முன் வாழ்ந்த நல்லடியார்கள் இதைவிடக் கொடிய துன்பத்தைத் தாங்கியதை நாயகம் (ஸல்) அவர்கள் எடுத்துச் சொன்னார்கள். ஸன்ஆவிலிருந்து ஹள்ரமவ்த் வரை ஒருவர் அச்சமின்றிப் பயணம் செய்யும் காலம் வரும் என்றும், நீங்கள் அவசரப்படுகிறீர்கள் என்றும் உணர்த்தினார்கள். இந்தச் செய்தி புகாரியில் வந்துள்ளது.

இங்கே ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். எந்த நிலையிலும், எவருக்கும், ஆயுதமே கூடாது என்று கொண்டவர்கள் உலகில் உண்டு. இங்கிலாந்தின் குவேக்கர் எனும் கிறித்துவப் பிரிவினர் 1660-ஆம் ஆண்டிலேயே அரசனிடம் இதை அறிவித்தார்கள். ரஷ்யாவின் டால்ஸ்டாயும் இக்கருத்தையே எழுதினார். நம் ஷரீஅத் அந்த எல்லைக்குச் செல்லவில்லை. மதீனாவுக்குப் பின் தற்காப்புக்கான அனுமதி திருமறையின் 22-ஆம் அத்தியாயத்தில் அருளப்பட்டது. ஆனால் அந்த அனுமதி ஆட்சிப் பொறுப்புள்ள தலைமைக்கும், கடுமையான நிபந்தனைகளுக்கும் உட்பட்டது. கோபம் வந்த ஒவ்வொருவனும் தானே நீதிபதியாகித் தானே தண்டனை கொடுக்கலாம் என்பதற்கு அங்கே இடமில்லை. ஆட்சிப் பொறுப்பு கையில் இல்லாத மக்கள் அநீதியை எப்படி எதிர்ப்பது என்ற கேள்விக்கு மக்கத்து வாழ்வே பாடம். பிற்காலத்தில் அப்பாடத்தைத் தங்கள் தங்கள் அளவில் செய்து காட்டியவர்களைத்தான் இனிப் பார்க்கிறோம். அவர்களில் எல்லாச் சமயத்தவரும் இருந்தனர்.

ஓராண்டு, ஈரூர்

1906-ஆம் ஆண்டு. தென்னாப்பிரிக்காவின் டிரான்ஸ்வால் பகுதியில் இந்தியர்கள் அனைவரும் விரல் ரேகை பதித்துப் பதிவுச் சீட்டு வைத்திருக்க வேண்டும் என்று அரசு சட்டம் கொண்டு வந்தது. அதை எதிர்க்கச் செப்டம்பர் 11-ஆம் தேதி ஜோஹன்னஸ்பர்க் நகரின் எம்பயர் நாடகக் கொட்டகையில் பெருங்கூட்டம் கூடியது. தலைமை வகித்தவர் அப்துல் கனி. அங்கே எழுந்து, இறைவனைச் சாட்சியாக வைத்து இச்சட்டத்துக்குப் பணிய மாட்டோம் என்று உறுதி எடுக்க வேண்டும் என்றவர் சேட் ஹாஜி ஹபீப். அதைக் கேட்டு காந்தியடிகள் ஒரு கணம் திடுக்கிட்டார். இறைவன் பெயரால் செய்யும் சத்தியம் எவ்வளவு பாரமானது, சிறையும் பட்டினியும் சாவும் வரலாம் என்பதைக் கூட்டத்தாருக்கு விளக்கினார். அதன் பிறகே அனைவரும் எழுந்து நின்று உறுதி எடுத்தனர். சத்தியாக்கிரகம் என்று பின்னர் பெயர் பெற்ற போராட்டம் பிறந்தது அந்தக் கூட்டத்தில்தான்.

1908 ஆகஸ்டு 16-ஆம் தேதி அந்நகரின் ஹமீதியா பள்ளிவாசலில் கூடிய மக்கள் தங்கள் பதிவுச் சீட்டுகளை ஒரு பெரிய கொப்பரையில் இட்டுக் கொளுத்தினர். ஒரு வெள்ளைக்காரர் மீதும் கை படவில்லை. அப்போராட்டத்தின் தலைவரான அகமது முகமது கச்சாலியா ஒரு ஜவுளி வியாபாரி. அவரைப் பணிய வைக்க, கடன் கொடுத்த வெள்ளை வியாபாரிகள் எல்லாரும் ஒரே நேரத்தில் கடனைத் திருப்பிக் கேட்டு நெருக்கினர். அவர் தம் கடையையும் சரக்கையும் அவர்களிடமே ஒப்படைத்துவிட்டார். கடன்காரர்கள் அனைவருக்கும் பாக்கியின்றி முழுத் தொகையும் கிடைத்தது. போராட்டத்தைச் சாக்காக வைத்து ஒருவருடைய ஹக்கையும் அவர் வைத்துக்கொள்ளவில்லை. வியாபாரம் செய்யும் நம் வாசகர்கள் இதை நன்றாகக் கவனிக்க வேண்டும்.

ஜோஹன்னஸ்பர்க் கூட்டம் நடந்து முப்பத்தைந்தாம் நாள், 1906 அக்டோபர் 16-ஆம் தேதி, கடலுக்கு இப்பால் தூத்துக்குடியில் சுதேசி நாவாய்ச் சங்கம் பதிவாயிற்று. தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே பிரிட்டிஷ் இந்தியா கம்பெனிக் கப்பல்களே ஓடிக்கொண்டிருந்த காலம் அது. கொழும்பு வியாபாரத்தை நம்பியிருந்த காயல்பட்டினம், கீழக்கரை வணிகர்களுக்கு அந்தக் கம்பெனி வைத்ததே கட்டணம். வக்கீல் வ.உ. சிதம்பரம் பிள்ளை முன்னின்று, பத்து லட்சம் ரூபாய் மூலதனத்தில், பங்கு ஒன்று 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகளைக் கொண்ட சங்கத்தைத் தொடங்கினார். பாண்டித்துரைத் தேவர் தலைவரானார். ஹாஜி முகமது பக்கீர் சேட் ஒருவரே 8,000 பங்குகளை, அதாவது இரண்டு லட்சம் ரூபாய்க்கு வாங்கினார். காலியா, லாவோ என்ற இரு கப்பல்கள் வந்து சேர்ந்தன.

எதிர்க்கம்பெனி கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்தது. சுதேசிக் கப்பல் எட்டணாவுக்கு இறங்கியது. பிறகு அந்தக் கம்பெனி இலவசமாக ஏற்றிக்கொண்டு, போதாததற்குக் குடையும் கொடுத்தது. வன்முறையற்ற போராட்டம் என்பது கூட்டம் போட்டுப் பேசுவது மட்டுமல்ல என்பதை இங்கே காண்கிறோம். இலவசக் கப்பல் காத்திருக்க, எட்டணா கொடுத்து மறு கப்பலில் ஏறிய ஏழைப் பயணியும் போராளிதான்.

ஒன்பது நாட்கள்

அடுத்தது இப்பாடத்தின் மையமான நிகழ்ச்சி. தூத்துக்குடியில் ஹார்வி கம்பெனியார் நடத்திய கோரல் மில் என்னும் நூற்பாலை இருந்தது. அங்கே ஆயிரத்துக்கு மேற்பட்டோர் வேலை செய்தனர். அவர்களில் சிறுவர்களும் உண்டு. பொழுது விடியுமுன் உள்ளே போனால் இருட்டிய பிறகு வெளியே வர வேண்டும். வார விடுமுறை கிடையாது. கூலியோ மிகச் சொற்பம்.

1908 பிப்ரவரி மாதம் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் இத்தொழிலாளரிடையே பேசினர். பிப்ரவரி 27-ஆம் தேதி வேலைநிறுத்தம் தொடங்கியது. கோரிக்கைகள் மிகத் தெளிவானவை: கூலி உயர வேண்டும்; வேலை நேரம் குறைய வேண்டும்; வாரத்தில் ஒரு நாள் ஓய்வு வேண்டும்.

வேலைநிறுத்தம் எப்படி நடந்தது என்பதைக் கவனியுங்கள். தொழிலாளர்கள் மில்லை உடைக்கவில்லை, இயந்திரத்தைக் கெடுக்கவில்லை. நாள்தோறும் ஊர்வலமும் கூட்டமும் நடத்தினர். அன்றாடக் கூலிக்காரன் வீட்டில் ஒன்பது நாள் அடுப்பு எரிவது எப்படி? ஊர் அந்தப் பாரத்தைத் தன் தோளில் ஏற்றுக்கொண்டது. நிதி திரட்டி அவர்களுக்குக் கொடுத்தனர். சிலருக்கு ஊருக்குள் வேறு வேலை தேடிக் கொடுத்தனர். மில் நிர்வாகத்துக்கு ஆதரவாக நின்றவர்களுக்குச் சவரம் செய்ய நாவிதர்கள் மறுத்தனர். வணிகர்களும் துணை நின்றனர். தொழிலாளருக்கும் நிர்வாகத்துக்கும் இடையேயான வழக்காகத் தொடங்கியது, ஊருக்கும் நிர்வாகத்துக்கும் இடையேயான வழக்காக மாறிற்று.

மார்ச் 6-ஆம் தேதி, ஒன்பதாம் நாள், நிர்வாகம் பேச்சுக்கு வந்தது. வ.உ.சி. தொழிலாளர் சிலருடன் சென்று பேசினார். கூலி உயர்வுக்கும், நேரக் குறைப்புக்கும், ஞாயிறு விடுமுறைக்கும் நிர்வாகம் இணங்கியது. உடனே தொழிலாளர்கள் வேலைக்குத் திரும்பினர். வென்றுவிட்டோம் என்று மேலும் இறுக்கவில்லை. கேட்டது கிடைத்ததும் நிறுத்தினார்கள். கல்கத்தாவிலிருந்து அரவிந்தரின் ‘வந்தே மாதரம்’ இதழ் இவ்வெற்றியைப் பாராட்டி எழுதியது.

முன்னே சொன்ன மூன்று வகை ஸப்ரையும் இங்கே பொருத்திப் பாருங்கள். கோரிக்கையில் கடைசி வரை நிலைத்து நின்றது முதல் வகை. கல்லையும் தீவட்டியையும் எடுக்காமல் கையை அடக்கியது இரண்டாம் வகை. ஒன்பது நாள் கூலி இழப்பைத் தாங்கியது மூன்றாம் வகை. மூன்றில் ஒன்று குறைந்திருந்தாலும் அந்த ஒன்பதாம் நாள் வந்திராது.

பொறுமை உடைந்தபோது

அதே மாதத்தில் இதன் மறுபக்கமும் நிகழ்ந்தது. விபின் சந்திர பாலர் விடுதலையான நாளைக் கொண்டாடியதை அடுத்து, மார்ச் 12-ஆம் தேதி வ.உ.சி., சிவா, பத்மநாப ஐயங்கார் மூவரும் திருநெல்வேலியில் கைது செய்யப்பட்டனர். தூத்துக்குடியில் கடைகள் அடைக்கப்பட்டன. கோரல் மில் தொழிலாளர் மீண்டும் வேலையை நிறுத்தினர். இம்முறை தங்கள் கூலிக்காக அல்ல, சிறைப்பட்டவர்களுக்காக நிறுத்தினர். குதிரை வண்டிக்காரர்களும் நகராட்சித் துப்புரவுத் தொழிலாளர்களும்கூடச் சேர்ந்துகொண்டனர்.

ஆனால் 13-ஆம் தேதி திருநெல்வேலியில் மக்களின் துயரம் தீயாக மாறியது. நகராட்சி அலுவலகம், தபால் நிலையம், காவல் நிலையம் ஆகியவை கொளுத்தப்பட்டன. மண்ணெண்ணெய்க் கிடங்கு எரிந்தது. போலீஸ் சுட்டதில் நால்வர் இறந்தனர். உயிரைப் பறித்த துப்பாக்கிக்குரிய பழியை இறந்தவர்கள் மீது நாம் ஏற்றவில்லை. எனினும் அந்தத் தீ யாருக்குப் பயன்பட்டது என்று கேட்டுத்தான் ஆக வேண்டும். ஒன்பது நாள் அமைதியாக நின்ற கூட்டத்தைக் கண்டு என்ன செய்வதென்று தெரியாமல் விழித்த அரசாங்கத்துக்கு, கடும் நடவடிக்கைக்கான சாக்கு ஒரே நாளில் கிடைத்துவிட்டது. தண்டக் காவல்படை நிறுத்தப்பட்டது. அதன் செலவு ஊரார் தலையில் வரியாக விழுந்தது. 1908 ஜூலை 7-ஆம் தேதி நீதிபதி பின்ஹே வ.உ.சி.க்கு இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார். மேல்முறையீட்டில் அது ஆறாண்டாகக் குறைந்தது. கோவைச் சிறையில் அவர் செக்கிழுத்தார். சிவா சிறையில் தொழுநோயைப் பெற்றார். கப்பல் சங்கமும் 1911-இல் கலைக்கப்பட்டது.

அதே 1911 ஜூன் 17-ஆம் தேதி மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷ் சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்ட வாஞ்சிநாதன் தம்மையும் சுட்டுக்கொண்டார். நாட்டுக்காக உயிர் கொடுக்கத் துணிந்தவரின் உறுதியை எவரும் குறைத்துப் பேச முடியாது. ஆயினும் விளைவை எடை போடுவது நம் கடமை. ஒரு கலெக்டர் போனார், இன்னொரு கலெக்டர் வந்தார். அடக்குமுறை மேலும் இறுகியது. நூறு மடங்கு எளிய மனிதர்கள் சேர்ந்து நின்ற ஒன்பது நாட்களோ ஓர் ஆலையின் சட்டத்தையே மாற்றின.

வாளை வைத்த பட்டாணியர்

“இதெல்லாம் சாதுவான மனிதர்களுக்குச் சரி. வீரமான சமுதாயத்துக்கு ஒத்து வருமா?” என்று கேட்போரும் உண்டு. அவர்களுக்கு விடை எல்லைப்புறத்தில் இருக்கிறது. ரத்தத்துக்கு ரத்தம் என்று தலைமுறை தலைமுறையாகப் பகை தீர்த்து வந்தவர்கள் பட்டாணியர். உத்மான்ஸாயில் 1890-இல் பிறந்த கான் அப்துல் கஃப்பார் கான், இருபது வயதிலேயே ஊர் ஊராகப் பள்ளிக்கூடம் திறக்கும் பணியைத் தொடங்கினார். ஏறத்தாழ இருபதாண்டு உழைப்புக்குப் பின் 1929-இல் ‘குதாயி கித்மத்கார்’, அதாவது இறைவனின் ஊழியர்கள், என்ற படையை அமைத்தார். சேருபவர் ஒவ்வொருவரும் வன்முறையையும் பழிவாங்குதலையும் விட்டுவிடுவதாக இறைவன் பெயரால் உறுதி கூற வேண்டும். பொறுமை என்ற இந்த ஆயுதம் புதிதல்ல, நாயகம் (ஸல்) அவர்கள் மக்கத்தில் ஏந்தியதே என்று அவர் அவர்களுக்குக் கற்பித்தார்.

1930 ஏப்ரல் 23-ஆம் தேதி பெஷாவரின் கிஸ்ஸா கவானி கடைத்தெருவில், தலைவர்கள் கைதானதை எதிர்த்துக் கூடிய நிராயுதபாணிகள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. பலர் மாண்டனர். அவர்கள் திருப்பித் தாக்காமல் நின்ற காட்சி, எதிரே நின்ற படையின் நெஞ்சையே அசைத்தது. கர்வாலி படைப்பிரிவைச் சேர்ந்த சந்திர சிங்கும் அவருடைய வீரர்களும் நிராயுதபாணிகள் மீது சுட மறுத்தனர். அதற்காக ராணுவ விசாரணைக்கும் சிறைக்கும் ஆளாயினர். மாண்ட முஸ்லிம்களுக்காகத் தம் வாழ்வைப் பணயம் வைத்த அந்த ஹிந்து சிப்பாய்களை நாம் மறக்கலாகாது.

அடுத்த மாதம், குஜராத்தின் தராசனா உப்புக்களத்தில் தடியடியை எதிர்கொண்ட அறப்போரின் முன்னணியில் நின்றோருள் ஒருவர் இமாம் அப்துல் காதிர் பாவஸீர். இவர் யார்? ஜோஹன்னஸ்பர்க் ஹமீதியா பள்ளிவாசலில் இமாமத் செய்து, அங்கேயும் சிறை சென்றவர்தான். அறுபது வயதைத் தாண்டிய நிலையில் அவர் உப்புக்களத்துக்கு வந்து நின்றார்.

பகிஷ்காரத்துக்கும் எல்லை உண்டு

அநீதியாளருக்கு ஒத்துழைக்க மறுப்பது பெரிய ஆயுதம். பெரிய ஆயுதமாக இருப்பதாலேயே அதற்குக் கட்டுப்பாடும் வேண்டும். யமாமா பகுதித் தலைவர் துமாமா (ரலி) அவர்கள் இஸ்லாத்தைத் தழுவிய பின் மக்கத்துக் குறைஷிகளுக்குத் தம் நாட்டுத் தானியம் போகாமல் நிறுத்தினார்கள். மக்கத்தில் பசி பரவியது. அப்போது குறைஷிகள் நாயகத்தின் ஜென்மப் பகைவர்கள். அவர்களையே மூன்றாண்டு கணவாயில் பட்டினி போட்டவர்கள். அப்படியிருந்தும் அவர்கள் உறவைச் சொல்லி முறையிட்டபோது, தானியத்தை விட்டுவிடுமாறு நாயகம் (ஸல்) அவர்கள் துமாமாவுக்குச் சொல்லியனுப்பினார்கள்.

இதிலிருந்து நாம் பெறும் சட்டம் என்ன? வலியவனின் அநீதியை நிறுத்த ஒத்துழையாமை கூடும். பெண்களையும் பிள்ளைகளையும் பசியில் வாட்டக் கூடாது. நம் மஹல்லாக்கள் சிலவற்றில் சந்தா பாக்கிக்காகவோ, தலைவருடன் நேர்ந்த மனத்தாங்கலுக்காகவோ ஏழைக் குடும்பத்துக்கு நிக்காஹ் தப்தர் கொடுக்க மறுப்பதும், மையவாடியில் இடம் மறுப்பதும் உண்டு. இது கோரல் மில் தொழிலாளர் எடுத்த ஆயுதமல்ல. அபூதாலிப் கணவாயில் குறைஷிகள் எடுத்த ஆயுதம். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை ஜமாஅத் நிர்வாகிகள் சிந்திக்க வேண்டும்.

ஐயமும் விளக்கமும்

ஐயம்: அமைதியாக நின்றவர்களும் சுடப்படுகிறார்களே! 2018 மே 22-ஆம் தேதி நம் தூத்துக்குடியிலேயே ஸ்டெர்லைட் ஆலையை எதிர்த்த போராட்டத்தின் நூறாம் நாளில் 13 பேர் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார்களே! பொறுமையால் என்ன பயன்?

விளக்கம்: பொறுமையாளருக்கு இழப்பே வராது என்று மார்க்கமும் சொல்லவில்லை, வரலாறும் சொல்லவில்லை. ஸுமையா (ரலி) அவர்கள் மக்கா வெற்றியைக் காணவில்லை. ஆயினும் இழப்பு வீணானதா என்று பாருங்கள். மே 28-ஆம் தேதி ஆலையை மூட அரசு ஆணையிட்டது. விசாரணை ஆணையத்தின் அறிக்கை 2022-இல் வெளியாகிக் காவல் துறையின் நடவடிக்கையைக் கடுமையாகக் குறை கூறியது. ஆலையைத் திறக்கக் கோரிய மனுவை 2024 பிப்ரவரி 29-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. மக்களின் கூட்டம் எவ்வளவுக்குக் கட்டுப்பாடாக நிற்கிறதோ அவ்வளவுக்கு அதன் சாட்சியம் நீதிமன்றத்திலும் மனச்சாட்சியிலும் வலிமை பெறும். பிள்ளையை இழந்த தாயின் துயருக்கு இவையெல்லாம் ஈடாகா என்பதையும் நாம் அறிவோம்.

ஐயம்: அநீதி செய்பவனை அடித்துத் திருத்துவதுதானே அவனுக்கு உகந்த மருந்து?

விளக்கம்: உன் சகோதரன் அநீதி செய்பவனாயினும் அநீதிக்கு ஆளானவனாயினும் அவனுக்கு உதவு என்பது நாயக வாக்கின் கருத்து. அநீதி செய்பவனுக்கு உதவுவது எப்படி என்று தோழர்கள் வியந்து கேட்டபோது, அநீதியிலிருந்து அவன் கையைத் தடுப்பதே அவனுக்குச் செய்யும் உதவி என்று விளக்கம் தந்தார்கள். ஆகவே நம் நோக்கம் அவனை அழிப்பதன்று, அவன் கையைத் தடுப்பது. கோரல் மில் நிர்வாகம் அழியவில்லை. அதன் கை தடுக்கப்பட்டது. கர்வாலி வீரர்கள் அழியவில்லை, மனம் திரும்பினார்கள். அழிக்கப்பட்டவன் மனம் திரும்ப வாய்ப்பே இல்லை.

ஐயம்: பேசாமல் வீட்டில் இருந்து துஆ செய்தால் போதாதா?

விளக்கம்: துஆ மூமினின் பலம். ஆனால் கொடுங்கோலன் முன் சத்தியத்தைச் சொல்வது சிறந்த ஜிஹாத் என்றும் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்துள்ளார்கள். அங்கே சொல்லப்பட்டது சத்தியமான சொல். வாள் அல்ல, மௌனமும் அல்ல.

இல்லங்களில் செய்ய வேண்டியது

கஃப்பார் கானுக்கு இருபதாண்டு பிடித்தது என்று கண்டோம். கோபம் பொங்கும் நாளில் திடீரென்று பொறுமை வந்துவிடாது. அதை வீட்டில் பழக வேண்டும். கோபம் வந்தால் நிற்பவர் உட்கார வேண்டும், தணியாவிட்டால் படுத்துக்கொள்ள வேண்டும், உளூச் செய்ய வேண்டும் என்று நமக்குக் கற்பிக்கப்பட்டிருக்கிறது. தெருவில் கல்லைக் கீழே போடும் கை, முதலில் வீட்டில் மனைவி மக்கள் முன் தாழ்ந்த கையாக இருக்க வேண்டும். பிள்ளைகளுக்குப் போர்க்களக் கதைகளைச் சொல்லும் தாய்மார்கள், ஹுதைபிய்யாவையும் சொல்லட்டும். ஹிஜ்ரி 6-இல் சுமார் 1,400 தோழர்கள் கஃபாவைக் காண வந்து, காணாமலே திரும்பினார்கள். அந்தத் திரும்புதலையே தெளிவான வெற்றி என்று இறைவன் 48-ஆம் அத்தியாயத்தில் அறிவித்தான்.

கடைசியாக, நாம் எந்தப் பக்கத்தில் நிற்கிறோம் என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். 1908-இல் கோரல் மில் தொழிலாளர் கேட்டவை கூலி, நேரம், வாரத்தில் ஒரு நாள் ஓய்வு. இவை மூன்றும் நம் கடையில் நிற்கும் பையனுக்கும், நம் உப்பளத்தில் உப்பு வாரும் பெண்ணுக்கும், நம் வீட்டில் பாத்திரம் தேய்ப்பவளுக்கும் கிடைக்கின்றனவா? உழைத்தவனின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுத்துவிட வேண்டும் என்ற கட்டளை நமக்குத் தெரியும். அநீதிக்கு ஆளானவனின் துஆவுக்கும் இறைவனுக்கும் இடையே திரை இல்லை என்பதும் தெரியும். அந்த துஆ நமக்கு எதிராக எழாதபடி பார்த்துக்கொள்வதே அநீதியை எதிர்க்கும் போராட்டத்தில் நாம் எடுத்து வைக்கும் முதல் அடி. அதற்குக் கூட்டமும் வேண்டாம், கொடியும் வேண்டாம். நாளைக் காலையில் கடை திறக்கும்போதே தொடங்கிவிடலாம்.

அநீதி செய்யாமலும், அநீதிக்குத் தலை வணங்காமலும், கையையும் நாவையும் அடக்கி சத்தியத்தில் நிலைத்து நிற்கும் நல்லடியார்களின் கூட்டத்தில் அல்லாஹ் நம் அனைவரையும் சேர்த்தருள்வானாக! ஆமீன்.